இஸ்பஹானின் ஜும்ஆ பள்ளிவாசல்: நீல ஓடுகளுக்கு முந்தைய வரலாறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஈரானின் இஸ்பஹான் நகரைப் பற்றி வெளியான பயணக் கட்டுரையைப் படித்தேன். போர்ச் செய்தியும் எண்ணெய் விலையும் தவிர ஈரானைப் பற்றி வேறெதுவும் தமிழ்ப் பத்திரிகைகளில் அதிகம் வருவதில்லை. அப்படியிருக்க, அந்நாட்டின் கட்டடக்கலைக்கு இரண்டு முழுப் பக்கங்களை ஒதுக்கிய தங்களுக்கு என் மனமார்ந்த நன்றி. ஆயினும் அக்கட்டுரையில் ஒரு பிழையும், அதைவிடப் பெரிய ஒரு விடுபடலும் இருப்பதைச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. கட்டடக்கலை வரலாற்றை மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் விட என் மனம் ஒப்பவில்லை.

முதலில் பிழை. "இஸ்பஹானின் ஜும்ஆ பள்ளிவாசல்" என்ற குறிப்புடன் வெளியான பெரிய வண்ணப்படம் அந்தப் பள்ளிவாசலுடையது அன்று. அது நக்‌ஷ்-இ-ஜஹான் சதுக்கத்தின் தென்முனையில், சஃபவி மரபு மன்னர் ஷா அப்பாஸ் 1611இல் கட்டத் தொடங்கிய ஷா பள்ளிவாசலின் நுழைவாயில். அதற்கும் 'ஜாமே அப்பாசி' என்றொரு பெயர் வழங்குவதால் இந்தக் குழப்பம் பயண நூல்களிலும் அடிக்கடி நேர்கிறது. உண்மையான ஜும்ஆ பள்ளிவாசல், அதாவது மஸ்ஜிதே ஜாமே, அந்தச் சதுக்கத்திலிருந்து மூடிய கடைவீதி வழியாக வடகிழக்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நடந்தால் வரும் பழைய நகரத்தின் நடுவே இருக்கிறது. அந்தக் கடைவீதியே ஒரு வகையில் வரலாற்றுச் சான்றுதான். ஷா அப்பாஸ் தம் புதிய தலைநகரை அமைத்தபோது பழைய நகரத்தின் உயிர்நாடியான ஜும்ஆ பள்ளிவாசலோடும் அதைச் சூழ்ந்த சந்தையோடும் புதிய சதுக்கத்தை இணைக்க அவருக்கு அந்தக் கடைவீதி தேவைப்பட்டது.

இனி விடுபடல். "இஸ்பஹானின் கட்டடக்கலை ஷா அப்பாஸின் காலத்தில் பிறந்தது" என்று கட்டுரை சொல்கிறது. ஷா அப்பாஸ் 1598 வாக்கில் தலைநகரை இஸ்பஹானுக்கு மாற்றினார். அதற்கு நானூறு ஆண்டுகளுக்கும் முன்பே, ஈவான்கள் எனப்படும் முற்றத்தை நோக்கித் திறந்த நான்கு உயர்ந்த மண்டபங்கள், சதுர அறையின் மேல் எழும் செங்கல் குவிமாடம், முகர்னாஸ் என்னும் அடுக்கு மாடக்குழி வேலை என, பின்னாளில் பாரசீகப் பள்ளிவாசல் என்றதும் நம் கண்முன் வரும் கூறுகள் யாவும் ஜும்ஆ பள்ளிவாசலில் உருப்பெற்றுவிட்டன. ஷா பள்ளிவாசல் அவற்றைப் பெரிதாக்கி, ஒழுங்குபடுத்தி, நீல ஓட்டால் போர்த்தியது. அதன் அழகை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஓட்டைப் பார்த்துவிட்டு அதைத் தாங்கும் செங்கல்லைப் பார்க்காமல் வருவது இஸ்பஹானுக்குப் போய் வந்தவருக்குப் பெரிய இழப்பு.

இந்த இடத்தில் முதல் பள்ளிவாசல் அப்பாசிய கலீபாக்களின் காலத்தில், எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. 1970களில் இத்தாலியத் தொல்லியலாளர்கள் இன்றைய தரைக்குக் கீழே அகழ்ந்தபோது அதன் சுவர்களும் சுதை அலங்காரங்களும் வெளிப்பட்டன. அது அளவில் சிறியது. தொழுகைத் திசையும் இன்றைய கட்டடத்திலிருந்து சற்று விலகியிருந்தது. நகரம் பெருகவே 840–41இல் அதைக் களைந்து, நடுவில் திறந்த முற்றமும் நாற்புறமும் தூண் வரிசைகளும் கொண்ட பெரிய பள்ளிவாசலைக் கட்டினார்கள். யுனெஸ்கோ 2012இல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது அந்த ஆண்டிலிருந்தே கணக்கைத் தொடங்கி, பள்ளிவாசல் கட்டடக்கலையின் பன்னிரண்டு நூற்றாண்டு வளர்ச்சிக்கு இது சான்று என்று குறிப்பிட்டது. பத்தாம் நூற்றாண்டில் ஈரானை ஆண்ட பூயித் மரபு அரசர்கள் முற்றத்தைச் சுற்றி மேலும் ஒரு தூண் வரிசையைச் சேர்த்தார்கள். அத்தூண்களின் செங்கற்கள் சாய்ந்தும் நிமிர்ந்தும் கோலமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பூச்சு இல்லாமல் செங்கல்லையே அலங்காரமாக்கும் வழக்கம் அதற்குள் இங்கு வேரூன்றிவிட்டது என்பதை அவை காட்டுகின்றன.

1052இல் இஸ்பஹான் வழியாகச் சென்ற பயணி நாசிர் குஸ்ரவ், நகரின் நடுவே ஒரு பெரிய ஜும்ஆ பள்ளிவாசலையும், இருநூறு நாணய மாற்றுக்காரர்கள் அமர்ந்திருந்த சந்தையையும், ஒரே தெருவில் ஐம்பது சத்திரங்களையும் கண்டதாக எழுதியிருக்கிறார். அந்தப் பள்ளிவாசல் எப்படிப்பட்ட நகரத்தின் மையமாக விளங்கியது என்பதை உணர அந்த ஒரு வரி போதும். இன்றும் அதற்குத் தனித்த முகப்பு கிடையாது. கடைகளும் வீடுகளும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருக்க, பல பக்கங்களிலிருந்தும் வாயில்கள் அதற்குள் திறக்கின்றன. சந்தைக்குச் செல்வோர் முற்றத்தைக் குறுக்குவழியாகக் கடக்கும் வழக்கமும் அங்கே நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. நான் அங்கே சென்றிருந்தபோது, சந்தின் திருப்பத்தில் வாயிலைக் கடந்து, பளீரென்ற அந்தப் பெருமுற்றத்தில் கால் வைக்கும் வரை, இருபதாயிரம் சதுர மீட்டருக்கு மேல் பரந்த ஒரு வளாகத்தின் விளிம்பில்தான் நடந்துகொண்டிருக்கிறோம் என்பது எனக்குத் தெரியவேயில்லை.

இக்கட்டடத்தின் வரலாற்றில் நான் மிக முக்கியமாகக் கருதுவது துருக்கிய மரபினரான செல்ஜுக்கியரின் காலம். சுல்தான் மாலிக் ஷா இஸ்பஹானைத் தலைநகராகக் கொண்டு ஆண்டபோது, 1086–87இல், அவருடைய பேரமைச்சர் நிஜாமுல் முல்க் தொழுகைத் திசையைக் காட்டும் சுவர்மாடமான மிஹ்ராபுக்கு முன்னிருந்த பழைய தூண்களை அகற்றிவிட்டு அங்கே ஒரு மாபெரும் குவிமாட அறையை எழுப்பினார். அவர் பெயரும் சுல்தானின் பெயரும் குவிமாடத்தின் அடியில் செங்கல் எழுத்துகளில் இன்றும் உள்ளன. குவிமாடத்தின் விட்டம் ஏறத்தாழ 15 மீட்டர். அந்நாளில் அவ்வளவு அகலத்துக்குச் செங்கல் குவிமாடம் எழுப்புவது துணிச்சலான செயல். கீழேயுள்ள தூண்களின் பருமனைப் பார்த்தால் கொத்தர்களுக்கு இருந்த அச்சமும் புரிகிறது. எடை நழுவாதிருக்க வேண்டும் என்ற கவலையே அவற்றை அத்தனை தடிப்பாக்கியிருக்கிறது.

இரண்டு ஆண்டுகள் கழிந்து, 1088–89இல், அதே அச்சில் வடகோடியில், அப்போது பள்ளிவாசலின் எல்லைக்கு வெளியே இருந்த நிலத்தில், இன்னொரு குவிமாடம் எழுந்தது. அதைக் கட்டுவித்தவர் தாஜுல் முல்க். அரசவையில் நிஜாமுல் முல்க்குக்கு எதிரணியில் நின்றவர், சுல்தானின் மனைவி துர்கன் காத்தூனின் ஆதரவு பெற்றவர். அந்த அறை என்ன தேவைக்காகக் கட்டப்பட்டது என்பதில் அறிஞர்களிடம் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அதன் கட்டமைப்பின் சிறப்பைப் பற்றியோ அவர்களிடையே கருத்து வேறுபாடே இல்லை. அளவில் அது தெற்குக் குவிமாடத்தைவிடச் சிறியது. விட்டம் ஏறத்தாழ 10 மீட்டர், உயரம் 20 மீட்டர். ஆனால் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அது சிறியதாகவே தோன்றாது.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். சதுரமான அறையின் மேல் வட்டமான குவிமாடத்தை உட்கார வைப்பது எப்படி என்பது கட்டடக்கலையின் பழம்பெரும் சிக்கல். பாரசீகக் கொத்தர்கள் சதுரத்தின் நான்கு மூலைகளிலும் வளைவுகளை எழுப்பி அதை எண்கோணமாக்கினார்கள். எண்கோணத்தின் மேல் சிறு வளைவுகளை நிறுத்திப் பதினாறு பக்கமாக்கினார்கள். பதினாறு பக்கம் வட்டத்துக்கு வெகு அருகில் வந்துவிடுவதால் குவிமாடம் அதன் மேல் இயல்பாக அமர்ந்துகொள்கிறது. தெற்கு அறையிலும் இதே முறைதான் என்றாலும், அங்கே மேலே நடப்பதற்கும் கீழே நிற்கும் தூண்களுக்கும் ஒட்டுறவு குறைவு. வடக்கு அறையிலோ, மேலே உள்ள ஒவ்வொரு வளைவின் காலும் சுவர் வழியே மெல்லிய செங்கல் தண்டாகத் தரைவரை தொடர்ந்து இறங்குகிறது. எடை எந்த வழியில் இறங்குகிறது என்பதைக் கண் படித்துவிடுகிறது. உச்சியில் செங்கல் விலா வளைவுகள் ஒன்றையொன்று வெட்டி ஐம்முனை நட்சத்திரக் கோலம் ஒன்றை வரைகின்றன. நான்கு பக்கத்தில் தொடங்கி, எட்டாகி, பதினாறாகி வந்த அறைக்கு ஐந்தால் பகுக்கும் வடிவத்தைச் சூட்டுவது எளிதான கணக்கு அன்று. மாலிக் ஷாவின் வானாய்வுக் குழுவில் 1079இல் நாட்காட்டியைத் திருத்தி ஜலாலி நாட்காட்டியை அமைத்த கணித அறிஞரும் கவிஞருமான உமர் கய்யாம் அக்காலத்தில் இஸ்பஹானில்தான் இருந்தார் என்பதால், இந்த வடிவியலில் அவருக்குப் பங்கு இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். எழுத்துச் சான்று இல்லாததால் அதை ஊகமாகவே கொள்ள வேண்டும். சுற்றுலா வழிகாட்டிகள் அதை நடந்த செய்தியாகவே சொல்லிவிடுகிறார்கள்.

இவ்வளவுக்கும் அந்த அறையில் ஓடு கிடையாது, வண்ணம் கிடையாது. செங்கல்லும் ஜிப்சக் காரையும் மட்டுமே. மரம் அரிதான ஈரானியப் பீடபூமியில் பெரிய சாரமும் மரச்சட்டமும் இல்லாமல் கூரை கட்ட வேண்டியிருந்ததால், விரைவில் இறுகிவிடும் ஜிப்சக் காரையைக் கொண்டு வரிவரியாகச் செங்கல்லை முன்னகர்த்தி மூடும் திறனைக் கொத்தர்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்தார்கள். நிலநடுக்கங்கள் வந்துபோகும் நாட்டில் ஒன்பது நூற்றாண்டுக்கு மேலாக அந்தக் குவிமாடம் நின்றுகொண்டிருக்கிறது. அதைக் கட்டுவித்தவர்களுக்கு அத்தனை ஆயுள் வாய்க்கவில்லை. 1092 அக்டோபரில் நிஜாமுல் முல்க் கொலையுண்டார். அடுத்த மாதமே மாலிக் ஷா இறந்தார். மறு ஆண்டில் நிஜாமுல் முல்க்கின் ஆட்கள் தாஜுல் முல்க்கைக் கொன்றார்கள். இந்தப் பகையைக் கதையாகச் சொல்வோர் பலர். அந்தப் பகை இரண்டு ஆண்டு இடைவெளியில் ஒரே கலையின் இரு நிலைகளை நமக்கு அருகருகே விட்டுச்சென்றிருக்கிறது என்பதை எடுத்துச் சொல்வோர்தான் குறைவு.

1121–22இல் பள்ளிவாசலில் பெருந்தீ மூண்டது. ஷீயா முஸ்லிம்களில் ஒரு பிரிவினரான இஸ்மாயிலிகள் வைத்த தீ என்று அக்கால வரலாறுகள் குறிப்பிடுகின்றன. தீக்குப் பிறகு நடந்த மறுகட்டுமானத்தைக் குறிக்கும் கல்வெட்டு ஒரு வாயிலில் இருக்கிறது. அதையடுத்த காலத்தில்தான் முற்றத்தின் நான்கு பக்கங்களின் நடுவிலும் நான்கு ஈவான்கள் எழுந்தன. ஈவான் என்பது மூன்று பக்கம் சுவரும், முற்றத்தை நோக்கிய பக்கம் முழுத் திறப்பும், மேலே பெரிய வளைவுக் கூரையும் கொண்ட உயர்ந்த மண்டபம். இஸ்லாத்துக்கு முந்தைய சாசானிய அரசர்களின் அரண்மனைகளில் மன்னர் கொலுவீற்றிருந்த இடம் அத்தகையது. ஈரானின் வடகிழக்கே உள்ள குராசானின் வீடுகளிலும் அந்த அமைப்பு வழங்கியதாக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அரண்மனைக்கும் வீட்டுக்கும் உரிய அந்த வடிவத்தைத் தூண் வரிசைப் பள்ளிவாசலுக்குள் கொண்டுவந்து நிறுத்தியதால், அதுவரை எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி நீண்டுகொண்டிருந்த தூண்காட்டுக்கு நடுவும் திசையும் கிடைத்தன. இஸ்பஹானிலிருந்து சில நாள் பயணத் தொலைவிலுள்ள ஸவாரா என்ற சிறு ஊரில் 1135–36இல் தொடக்கத்திலிருந்தே நான்கு ஈவான் திட்டத்தில் ஒரு பள்ளிவாசலைக் கட்டிவிட்டார்கள். சமர்கந்தின் பீபி கானும் பள்ளிவாசல், மஷ்ஹதின் கவ்ஹர் ஷாத் பள்ளிவாசல், பதினான்காம் நூற்றாண்டு டெல்லியின் பேகம்பூர் பள்ளிவாசல் ஆகியவற்றின் முற்றங்களில் நிற்கும்போது நாம் இஸ்பஹானில் முதிர்ந்த திட்டத்துக்குள்தான் நிற்கிறோம். தங்கள் கட்டுரை புகழ்ந்த ஷா பள்ளிவாசலும் அவ்வாறே.

அந்த நான்கு ஈவான்களுக்கும் ஊர் மக்கள் வைத்த பெயர்கள் உண்டு. மேற்கே இருப்பது ஆசானின் ஈவான்; அதற்கு நேரெதிரே கிழக்கில் இருப்பது மாணவனின் ஈவான்; வடக்கே உள்ளது தர்வேஷின், அதாவது சூஃபித் துறவியின், ஈவான். தெற்கு ஈவானின் உட்புறத்தில் முகர்னாஸ் என்னும் சிறு மாடக்குழிகள் அடுக்கடுக்காக, பெரிய முகங்களாகவும் திடமான மடிப்புகளாகவும் தொங்குகின்றன. பிற்காலக் கட்டடங்களில் காணும் நுண்ணிய சிறு கண்ணறைகளைவிட இந்தப் பெரிய மடிப்புகளே எனக்கு உவப்பானவை. வெயில் நகர நகர நிழலும் அவற்றில் இடம் மாறுகிறது. இந்த ஈவான்களின் மேலுள்ள ஓட்டு வேலை பெரும்பாலும் பதினைந்தாம் நூற்றாண்டு தொடங்கிப் பதினெட்டாம் நூற்றாண்டு வரை வெவ்வேறு அரசுகள் சேர்த்தது. மேற்கு ஈவானில் சதுரக் கட்டங்களுக்குள் அடங்கும் கூபி என்னும் கோண வடிவ அரபு எழுத்துகள் சஃபவிக் காலத்தின் இறுதியைச் சேர்ந்தவை.

மேற்கு ஈவானை ஒட்டிய ஒரு கூடத்தில், மங்கோலிய மன்னர் உல்ஜாய்துவின் பெயரால் 1310இல் அமைக்கப்பட்ட சுதை மிஹ்ராப் ஒன்று இருக்கிறது. தங்கள் கட்டுரையாளர் அதையும் காணவில்லை போலும். அதை அருகில் சென்று பார்க்க வேண்டும். சுதையின் மேற்பரப்பில் குர்ஆன் வசன எழுத்துகள். அந்த எழுத்துகளின் பின்னே சுருண்டோடும் கொடிகள். கொடிகளின் பின்னே அகன்ற இலைகள். அந்த இலைகளின் உடலிலும் ஊசிமுனைத் துளைகளாலான நுண்கோலம். விரல் தடிப்புள்ள சுதையில் இத்தனை அடுக்குகளை ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் செதுக்கியவர் ஹைதர் என்ற கைவினைஞர். அவர் தம் பெயரை அதிலேயே பொறித்திருக்கிறார். உல்ஜாய்து ஷீயா வழியைத் தழுவிச் சிறிது காலமே ஆகியிருந்த ஆண்டு அது. மன்னரின் சமய மாற்றத்தை நகரின் தலைமைப் பள்ளிவாசலில் அறிவிக்க அந்த மிஹ்ராப் பயன்பட்டது என்று வரலாற்றாசிரியர்கள் விளக்குகிறார்கள்.

அதன் அருகிலேயே, தைமூரியர் ஆட்சியில் 1447இல் அமைந்த குளிர்காலத் தொழுகைக்கூடம் உள்ளது. குட்டையான தடித்த தூண்களிலிருந்து கூரிய வளைவுகள் ஏறக்குறைய தரையை ஒட்டியே புறப்பட்டுத் தாழ்ந்த கூரையாகக் கூடுகின்றன. இஸ்பஹானின் குளிரைத் தடுக்க வேண்டியிருந்ததால் சன்னல்கள் இல்லை. அவற்றுக்குப் பதிலாகக் கூரையின் உச்சிகளில் ஒளி ஊடுருவும் வெண்பளிங்குப் பலகைகளைப் பதித்திருக்கிறார்கள். பகலில் அவற்றின் வழியே மங்கிய மஞ்சள் ஒளி இறங்குகிறது. மின்விளக்குகளை அணைத்துவிட்டால் அந்த ஒளி மட்டுமே தொழுகைக்குப் போதுமானதாக இருக்கிறது. இவற்றையன்றி, பக்கக் கூடங்களின் கூரைகளில் நானூற்றுக்கும் மேற்பட்ட சிறு குவிமாடங்களும் வளைவு மூடல்களும் உள்ளன. ஒவ்வொன்றிலும் செங்கல் அடுக்கும் முறை மாறுகிறது. பழுது நேர்ந்தபோதெல்லாம் அந்தந்தத் தலைமுறைக் கொத்தர்கள் தமக்குத் தெரிந்த முறையில் செப்பனிட்டதன் விளைவு அது. 1980களில் ஈராக்குடன் நடந்த போரில் தென்கிழக்குப் பகுதியின் மீது குண்டு விழுந்து பல மூடல்கள் சரிந்தன. அவற்றையும் செங்கல்லாலேயே திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

இத்தனையும் நான் விரித்துரைக்கக் காரணம், ஒரு கட்டடத்தைக் கட்டிய மன்னர் ஒருவரின் பெயரால் மட்டுமே நினைவில் வைக்கும் பழக்கம் நம் பயண எழுத்தில் மிகுந்துவிட்டது என்ற வருத்தமே. ஷா பள்ளிவாசலுக்கு ஓர் அரசர் உண்டு, தொடக்கமும் முடிவும் உண்டு. அதைப் பற்றி எழுதுவது எளிது. ஜும்ஆ பள்ளிவாசலுக்கோ அப்பாசியரும் பூயிதரும் செல்ஜுக்கியரும் மங்கோலியரும் முஸாஃபரிதரும் தைமூரியரும் சஃபவியரும் ஆளுக்கொரு பங்கு சேர்த்திருக்கிறார்கள். வென்றவர் எவரும் அதை முழுதாக இடித்துவிட்டுத் தம் பெயரில் புதிதாகக் கட்டவில்லை. ஷீயாவும் சுன்னியும் மாறிமாறி ஆண்ட ஊரில் ஒருவர் வைத்த மிஹ்ராபை மற்றவர் பெயர்த்தெறியவில்லை. இப்படியொரு கட்டடத்தைப் பற்றிச் சொல்லாமல் இஸ்பஹானைப் பற்றிய கட்டுரை முழுமை பெறாது என்பது என் உறுதியான கருத்து.

எனவே ஆசிரியர் அவர்கள் தயவுகூர்ந்து படக்குறிப்பின் பிழையை அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே திருத்தி வெளியிட வேண்டும். இயன்றால் ஜும்ஆ பள்ளிவாசலைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை, அதன் தரைத்தள வரைபடத்துடன் வெளியிட வேண்டும். இரு குவிமாடங்களும் நான்கு ஈவான்களும் எவ்வெக்காலத்தவை என்று வெவ்வேறு நிழல்களால் காட்டும் ஓர் எளிய வரைபடம் போதும். கட்டடக்கலை பயிலும் மாணவர்கள் அதை வெட்டி வைத்துக்கொள்வார்கள். படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது முற்றத்தின் நீல ஓடுகளோடு வடக்குக் குவிமாடத்தின் உட்புறச் செங்கல்லையும், உல்ஜாய்து மிஹ்ராபின் சுதை வேலையையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடக்கலை ஆசிரியர்,
மதுரை.